இரவு எங்கே தங்குவது?



ஒரு கோடையில் பயிற்சிப் பட்டறையொன்றுக்காக இங்கிலாந்தின் கன்ரர்பரி நகருக்குப் போயிருந்தேன். பேராலயத்தைச் சுற்றியுள்ள விடுதிகளின் வாடகையைக் கேட்டதும் தலை சுற்றியது. மலிவாக ஓர் இடம் கிடைத்தது. ஆனால் அறைக்கு உட்பூட்டு இல்லை. தனியே போன பெண்ணுக்கு அது எப்படி மலிவாகும்? பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட்டேன்.

கைகொடுத்தது கென்ற் பல்கலைக்கழகம். கோடை விடுமுறையில் மாணவர் அறைகளை வெளியாருக்கும் வாடகைக்கு விடுகிறார்கள். சிறிய அறைதான், ஆனால் திறப்பு என் கையில். பொதுச் சமையலறையில் சோறும் பருப்பும் சமைத்ததால் சாப்பாட்டுச் செலவும் மிஞ்சியது. குன்றிலிருந்து நகருக்கு நடந்தே இறங்குவேன். பேராலயத்தைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு. மாலை ஆராதனைக்குப் போனால் இல்லை.

1170இல் பேராயர் தோமஸ் பெக்கெற் அந்தப் பேராலயத்திலேயே கொல்லப்பட்டார். அதன்பின் யாத்திரிகர் திரண்டு வந்தனர். அவர்களில் ஏழைகள் தங்குவதற்காக அதே நூற்றாண்டில் உருவானதுதான் ஆற்றங்கரை ஈஸ்ற்பிறிட்ஜ் மடம். தாழ்ந்த கல் வளைவுகளின் கீழேதான் படுக்கை. 14ஆம் நூற்றாண்டில் அதற்கு விதிகள் எழுதினார்கள். சுகமாக இருப்பவருக்கு ஓர் இரவு மட்டும், நோயாளருக்கே முதலிடம். படுக்கைகளைக் கவனிக்க நாற்பது வயது கடந்த பெண்ணொருத்தி இருக்க வேண்டும்.

அந்த மங்கலான கூடத்தில் நின்றபோது எனக்குப் பெக்கெற்றின் நினைவு வரவில்லை. எங்கள் முகாமில் இரவிரவாகப் பாய்களை எண்ணி, பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு முதலில் இடம் ஒதுக்கிய அக்காதான் நினைவுக்கு வந்தார்.