சிரசு அவங்களுக்கு, உடம்பு நமக்கு

"ஒரு நாள் சந்தோஷமா சுத்திப் பாக்க விடமாட்டியாடா நீ?"

வேன் ஆரணி பஸ் ஸ்டாண்டை நெருங்கும்போது வாத்தியார் நண்பன் என்னைக் கேட்டான். விளையாட்டாகக் கேட்கவில்லை, கோபமாகத்தான் கேட்டான். வண்டியில் நாலு பேர் இருந்தோம். ஒரே சேரி, ஒரே தெரு. அஞ்சாம் வகுப்பு வரைக்கும் ஒரே பள்ளிக்கூடத்துத் தரை. இன்றைக்கு ஒருத்தன் வாத்தியார், ஒருத்தன் பேங்கில் இருக்கிறான், நான் எழுதித் திரிகிறவன், நாலாவது ஆள் தறிக்காரன். நாலு பேரும் சேர்ந்து ஒரு நாள் எங்கேயாவது போகவேண்டும் என்பது பல வருஷத்துப் பேச்சு. போனோம். போன இடத்திலெல்லாம் நான் வாயைத் திறந்துகொண்டே இருந்ததால் அவனுக்கு அந்த நாள் கெட்டுப்போனது. அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

சுற்றிப் பார்க்கப் போகிற இடத்துக்கெல்லாம் எதுக்கு சாதியை இழுத்துக்கிட்டு வர்றீங்க என்று கேட்கிறவர்கள் நம்மிலேயே பெருகிவிட்டார்கள். நாம் எதையும் இழுத்துக்கொண்டு போவதில்லை தோழர்களே. நாம் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே அது அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது.

முதலில் பூசிமலைக்குப்பம் போனோம். ஆரணி ஜாகீர்தாரின் மாளிகை அங்கே இடிந்து கிடக்கிறது. உயரமான தூண்கள், வெள்ளைக்காரன் பாணி வளைவுகள், கூரை போன மாடி, சுவரைப் பிளந்து வளரும் செடிகள். பேங்க்காரன் போட்டோ எடுத்துத் தள்ளினான். வாத்தியார் பெருமூச்சு விட்டான். "இதையெல்லாம் காப்பாத்தி வைக்காம உட்டுட்டானுங்களே, எப்பேர்ப்பட்ட பாரம்பரியம்!"

யாருடைய பாரம்பரியம்? ஆரணி ஜாகீர் என்பது மராத்திப் பார்ப்பனக் குடும்பம் ஒன்றின் கையில் தலைமுறை தலைமுறையாக இருந்த சொத்து. ஜாகீர் என்றால் ஊர்களின் வரி வருமானத்தை அனுபவிக்கிற உரிமை. அந்த வரி வானத்திலிருந்து விழவில்லை. சேற்றில் நின்ற பண்ணையாள் நட்டு, அறுத்து, அடித்துக் கொடுத்த நெல்தான் வரியானது, வரிதான் தூணானது. 1948-இல் சென்னை மாகாண அரசு எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஜமீன்களும் ஜாகீர்களும் ஒழிந்தன என்று பாடப்புத்தகம் சொல்லுகிறது. ஒழித்தவன் ஜமீன்தாருக்கு நஷ்ட ஈடு கொடுத்தான். குடியானவனுக்குப் பட்டா கொடுத்தான். படியாளுக்கு என்ன கொடுத்தான்? படியாள் பேரில் எந்தக் கணக்கிலும் நிலம் இருந்ததில்லை. அதனால் எந்தச் சட்டத்தாலும் அவனுக்கு எதுவும் திரும்பி வரவில்லை. நிலம் கைமாறியபோதும் சேரி இருந்த இடத்திலேயே இருந்தது.

இதைச் சொன்னதற்குத்தான் வாத்தியார் முதல் தடவை முகத்தைச் சுளித்தான். "அதுக்காக இடிச்சித் தள்ளச் சொல்றியா?" என்றான். இல்லை. இடிக்கவேண்டாம், தாராளமாகக் காப்பாற்றுங்கள். வாசலில் ஒரு பலகை வையுங்கள், அதில் இந்தக் கணக்கையும் எழுதுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

அங்கேயிருந்து படவேடு. ரேணுகாம்பாள் கோயில். ஆரணியைத் தொட்டு ஓடுகிற கமண்டல நதி, ஜமதக்னி முனிவரின் கமண்டலத்திலிருந்து வந்தது என்று இந்தப் பக்கத்தில் சொல்லுவார்கள். அதே முனிவர்தான் பெண்டாட்டி மேல் சந்தேகப்பட்டு, பெற்ற மகன் பரசுராமனை விட்டே தாயின் கழுத்தை வெட்டச் சொன்னவர். ரேணுகை ஓடினாள். அடைக்கலம் கேட்டு அவள் கட்டிப்பிடித்தது சேரிப் பெண் ஒருத்தியை. பரசுராமன் ரெண்டு தலையையும் ஒரே வெட்டில் வெட்டினான். அப்புறம் அப்பனிடம் வரம் வாங்கி உயிர் கொடுக்கும்போது தலைகளை மாற்றி வைத்துவிட்டான். பார்ப்பனத் தலையும் பறைச்சி உடம்பும் சேர்ந்தவள்தான் மாரியாத்தா என்று எங்கள் பாட்டிகள் சொன்ன கதை இது.

கதையை நான் நம்பச் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கதையைச் செய்தவன் யார் என்று பாருங்கள். தப்பே செய்யாத சேரிப் பெண்ணுக்கு எதற்கு வெட்டு விழுந்தது? அடைக்கலம் கொடுத்ததற்கு. அவளுக்குப் பேர் என்ன? கதையில் பேர் கிடையாது. படவேட்டில் அம்மன் சிரசாக வீற்றிருக்கிறாள். தலைக்குத்தான் அபிஷேகம், தலைக்குத்தான் ஆராதனை. அந்த உடம்பைப் பற்றி யாருக்கும் பேச்சில்லை.

இன்னும் வடக்கே குடியாத்தம் போனால் கூத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். வருஷா வருஷம் வைகாசி 1-ஆம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. லட்சக்கணக்கில் கூட்டம். அம்மனின் சிரசை ஊர்வலமாகத் தூக்கிவந்து கோயிலில் இருக்கிற உடம்பின் மேல் பொருத்துகிறார்கள். அந்த உடம்புக்கு என்ன பேர் தெரியுமா? சண்டாளச்சி உடம்பு. பேப்பரிலும் அப்படியேதான் போடுகிறான். யாருக்கும் கை கூசுவதில்லை. பொருத்தின பிறகுதான் கண் திறப்பு. அன்றைக்கே சிரசைக் கழற்றி எடுத்துப் போய்விடுகிறார்கள். உடம்பு அங்கேயே நிற்கிறது.

தறிக்காரன் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "நம்ம கதைதான்டா அது" என்றான். ஏன் அப்படிச் சொன்னான் என்பது சாயங்காலம்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

மத்தியானத்துக்கு மேல் வேலூர்க் கோட்டை. அகழியைத் தாண்டி உள்ளே போனால் அரசு அருங்காட்சியகம். பழங்கால வெண்கல வாள், சமணச் சிற்பங்கள், நடுகற்கள், கண்டியின் கடைசி ராஜா விக்கிரமராஜசிங்கன் விளையாடின தந்தச் சதுரங்கம். 1815-இல் வெள்ளைக்காரன் அவனைப் பிடித்து இங்கே கொண்டுவந்து வைத்தான், 1832-இல் இங்கேயே செத்தான். ராஜா சிறையில் இருந்தபோது எந்தக் காயை நகர்த்தினான் என்பது வரைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. நல்லது.

வேலூர் என்றால் 1806. எல்லோருக்கும் தெரிந்த கதைதான், ஆனால் பாதிக் கதை. 1805 நவம்பரில் கம்பெனிப் பட்டாளத்தில் உத்தரவு போட்டார்கள். நெற்றியில் சாதிக்குறி கூடாது. தாடி கூடாது. புதுமாதிரித் தலைப்பாகை வைக்கவேண்டும். அந்தத் தலைப்பாகையில் தோலால் செய்த குஞ்சம் இருந்தது. தலையில் தோலா என்று பொங்கினார்கள். 1806 ஜூலை 10 விடியற்காலையில் கலகம் வெடித்தது. நூற்றுக்கணக்கான சிப்பாய்களை வெள்ளைக்காரன் கொன்றான். 2006-இல் இருநூறாவது ஆண்டுக்குத் தபால்தலை போட்டார்கள்.

செத்தவர்களை நான் கொச்சைப்படுத்தவில்லை. வெள்ளைக்காரனை எதிர்த்து உயிர்விட்டவர்களுக்கு மரியாதை செய்யத்தான் வேண்டும். கோபத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. திப்புவின் பிள்ளைகளே அந்தக் கோட்டைக்குள்தான் காவலில் இருந்தார்கள். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. தோல் தலையில் ஏறினால் தீட்டு. அந்தத் தோலை உரித்தவன், ஊறவைத்தவன், பதம் போட்டவன் யார்? அவன் உடம்பு முழுக்கத் தோல்தானே, அவன் எந்த உத்தரவை எதிர்த்துக் கலகம் செய்வது?

அந்தக் கேள்விக்கு வேலூரைச் சுற்றியே பதில் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை. நாடு முழுக்கப் போட்டு நடக்கிற செருப்புக்கும் ஷூவுக்கும் தோல் இங்கே பதமாகிறது. பாலாறு செத்தது. தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பே சொல்லியது. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளிகள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலும் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்த பிள்ளைகள். தூங்கிக்கொண்டிருந்தபோதே போனார்கள். அவர்களுக்கு யார் தபால்தலை போடுவது? கோட்டைக்குள் தலைக்குஞ்சத்தின் கதைக்கு இடம் இருக்கிறது. தோல் தொட்டியின் கதைக்கு இடமில்லை. படவேட்டில் பார்த்ததே இங்கேயும். சிரசுக்கு இடம், உடம்புக்கு இல்லை.

வாத்தியார் சொன்னான்: "ம்யூசியம்னா பழசை வெப்பான். நம்மளை எங்கடா வெப்பான்?"

நம்மளையும் வைத்தான். எப்படி வைத்தான் என்று கேளுங்கள். எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. சின்ன வயசில் எங்களைக் கூட்டமாக ஓட்டிக்கொண்டு போய்க் காட்டிய இடம் அதுதான். அங்கே 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். அருங்காட்சியகத்திலேயே ஆட்களை நிறுத்தி வைத்து, இடுக்கி மாதிரி ஒரு கருவியால் தலையின் நீளம், அகலம், மூக்கின் உயரம் எல்லாம் அளந்தவர். 1890-களில் வெளியிட்ட அறிக்கைகளில் பட்டணத்துப் பார்ப்பனர், கம்மாளர், பள்ளி, பறையர் என்று தலைப்புப் போட்டுத் தலைகளையும் மூக்குகளையும் அடுக்கினார். 1909-இல் ஏழு தொகுதிப் புத்தகம் வந்தது. அளக்கப்பட்டவன் என்ன நினைத்தான், அவன் பேர் என்ன, சாயங்காலம் என்ன கூலியோடு வீட்டுக்குப் போனான் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. உள்ளே நுழைந்த எங்கள் பாட்டன் பொருளைப் பார்க்கிற ஆளாக நுழையவில்லை, பொருளாகவே நுழைந்தான்.

அந்த மூக்குக் கணக்கைத் திருப்பி அடித்தவர் பாபாசாகேப். 1948-இல் வந்த 'தீண்டப்படாதார்' நூலில், அவர்கள் அளந்துவைத்த அதே மூக்கு அளவுகளை எடுத்து வைத்தே கேட்டார். அளவுப்படி பார்ப்பனனும் தீண்டப்படாதவனும் ஒரே இனம். அவன் ஆரியன் என்றால் இவனும் ஆரியன், இவன் திராவிடன் என்றால் அவனும் திராவிடன். அப்புறம் எந்த இனத்தைச் சொல்லித் தீண்டாமை? அருங்காட்சியகத்தை எப்படிப் பார்க்கவேண்டும் என்று நமக்குக் காட்டிக்கொடுத்தது இதுதான். வாயைப் பிளந்துகொண்டு பார்க்கக் கூடாது. காறித் துப்பிவிட்டு வெளியே வருவதும் தப்பு. அவன் சேர்த்துவைத்ததை எடுத்து அவனையே கேள்வி கேட்கவேண்டும்.

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. தறிக்காரன் அதுவரைக்கும் அதிகம் பேசவில்லை. திடீரென்று கேட்டான்: "ஏன்டா, நான் நெய்ஞ்ச பொடவ எதுனா ஒரு ம்யூசியத்துல இருக்குமா?"

யாரும் பதில் சொல்லவில்லை. அவனே சொன்னான். அஞ்சாவது முடிச்ச கையோடு அவனை ஒரு தறி முதலாளி வீட்டில் விட்டார்கள். அப்பாவுக்கு முன்பணம். கோர்வைப் புடவைக்கு மூணு நாடா. உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒவ்வொன்று. நெய்கிறவன் நடுவில் குழியில் காலைவிட்டு உட்காருவான். ஓரத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க ஒரு பையன் வேண்டும். அந்தப் பையன்தான் இவன். கரையும் உடலும் பிரியாமல் ஒவ்வொரு இழைக்கும் கோத்துக் கொடுக்கவேண்டும். தப்பினால் தலையில் குட்டு. "தறி இருக்கிற அறை வரைக்கும் போலாம்டா. அதுக்கு மேல வூட்டுக்குள்ள போவக் கூடாது. தண்ணி வெளியில இருந்துதான் ஊத்துவாங்க. நான் தொட்ட பொடவய மட்டும் கல்யாணத்துல சாமி ரூம்ல வெச்சிப் படைப்பாங்க." முன்பணம் தீருவதற்குள் அவனுக்கு மீசை முளைத்துவிட்டது.

1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம். 2003-இல்கூட பட்டுத் தொழிலில் கொத்தடிமையாகக் கிடக்கிற குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை போட்டது. காஞ்சிபுரமும் அதில் இருந்தது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஊருக்குப் பேர் கிடைத்தது, புடவைக்குப் பேர் கிடைத்தது. ஓரத்தில் உட்கார்ந்து கரையை உடலோடு கோத்த பையனுக்கு மட்டும் பேர் இல்லை. படவேட்டுக் கதையில் வெட்டுப்பட்டவளுக்குப் பேர் இல்லாதது போலவே.

வாத்தியாரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். இருந்தும் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டான். அவனுக்குச் சொல்லுகிறேன், அவனைப் போன்ற படித்த நம் ஆட்களுக்கும் சேர்த்துச் சொல்லுகிறேன். உன் சந்தோஷத்தை நான் கெடுக்கவில்லை. உன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவனை விட்டுவிட்டு உன்னால் எப்படி ஜாகீர்தாருக்குப் பெருமூச்சு விட முடிந்தது? அதுதான் என் கேள்வி. நீ பாடம் நடத்துகிறவன். நாளைக்கு நாற்பது பிள்ளைகளை அதே கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிறவன். தோல் குஞ்சத்தைச் சொல்லும்போது தோல் தொட்டியையும் சொல். தூணைக் காட்டும்போது படியாளையும் காட்டு. அதற்கு அரசாங்க உத்தரவு ஒன்றும் தேவையில்லை.

அரசாங்கத்திடமும் கேட்போம். ஆரணியில் பட்டுக்கு ஒரு காட்சிக்கூடம் வரட்டும். ஆனால் அதில் முந்தியும் ஜரிகையும் மட்டும் தொங்கக் கூடாது. தறிக்குழியும் வேண்டும். முன்பணச் சீட்டும் வேண்டும். கரை நாடா தள்ளிய பிள்ளைகளின் பேர்களும், அவர்கள் வாயாலேயே சொன்ன சாட்சியமும் வேண்டும். அவர்கள் கட்டுகிறவரைக்கும் நாம் காத்திருக்கவும் வேண்டாம். இதைப் படிக்கிற மாணவர்களே, நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவரவர் சேரிக்குப் போங்கள். தறியில் உட்கார்ந்தவர்கள், தோல் மிதித்தவர்கள், ஏர் பிடித்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். தலையை அளக்காதீர்கள். பேரைக் கேளுங்கள், கூலியைக் கேளுங்கள், சொல்லுவதைச் சொன்னபடியே எழுதுங்கள்.

குடியாத்தத்தில் சிரசை உடம்பின் மேல் வைத்த பிறகுதான் கண் திறக்கிறார்கள். அவர்களுக்கே தெரிந்திருக்கிறது, அந்த உடம்பு இல்லாமல் கண் திறக்காது என்று. இனிமேல் கழற்றிக்கொண்டு போகவிடக் கூடாது. அடுத்த வருஷமும் நாலு பேரும் போவோம் வாத்தியாரே, சந்தோஷமாகவே போவோம். இந்தத் தடவை ஒவ்வொரு இடத்திலும் தறிக்காரன் பேசட்டும், நாம் கேட்போம்.