பிதுக்கிய மொச்சையும் ஒரு நாள் விடுமுறையும்

தை முதல் நாள் பானையில் பொங்குவது எல்லா ஊரிலும் ஒன்றுதான்: அரிசி, பால், வெல்லம். ஊருக்கு ஊர் மாறுவது பக்கத்தில் வைக்கிற கறி. மதுரைப் பக்கம் இதை வெஞ்சனம் என்பார்கள். நாஞ்சில் நாட்டில் தொடுகறி. ஒருவர் எந்த ஊர் என்று கேட்கவே வேண்டாம், பொங்கலன்று அவர் இலையைப் பார்த்தால் போதும். தஞ்சாவூர்க்காரர் என்றால் ஏழு காய் போட்ட கூட்டு. திருநெல்வேலிக்காரர் என்றால் சிறுகிழங்கும் சேனையும் இல்லாமல் பந்தி தொடங்காது.

ஹெப்பகோடியில் இந்த இலைகள் எல்லாவற்றையும் ஒரே தெருவில் பார்க்கலாம். பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் வரும் ஊர். ஒரு பக்கம் சாப்ட்வேர், மறு பக்கம் பொம்மசந்திரா தொழிற்பேட்டை. இரண்டுமே தமிழர்களை இழுத்துக்கொண்டு வந்தன. 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. அத்திப்பள்ளியைக் கடந்தால் தமிழ்நாடு. ஆனால் விடுமுறை மட்டும் எல்லையோடு நின்றுவிடும். அந்தப் பக்கம் பொங்கல், திருவள்ளுவர் தினம், உழவர் திருநாள் என்று மூன்று நாள். இந்தப் பக்கம் சங்கராந்திக்கு ஒரே நாள். ஒரு நாளில் திருநெல்வேலிக்குப் போய்த் திரும்ப முடியுமா? எனவே பொங்கல் இங்கேயே. பகல் ஷிப்டு முடிந்தவர்கள் வந்து சேர்ந்த பிறகு, குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவது இரவில்தான்.

சில வருடங்களுக்கு முன் அம்மா பொங்கலுக்கு எங்களோடு இருந்தார். அம்பாசமுத்திரத்துக்காரர். இரண்டு கடைகள் ஏறி இறங்கினோம். சேனை கிடைத்தது, சர்க்கரைவள்ளி கிடைத்தது, சிறுகிழங்கு மட்டும் கிடைக்கவில்லை. “கெழங்கு இல்லாம என்ன பொங்கலு?” என்று சொல்லிவிட்டு அம்மா பேசாமல் உட்கார்ந்துவிட்டார். கடை வாசலில் குவியல் குவியலாகப் பச்சை மொச்சை இருந்தது. அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எதிர்வீட்டு ஆனேகல் அம்மாள்தான் இரண்டு கிலோ காயோடு வந்தார். ஆனேகல் பக்கத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் கலந்து பேசுவது சாதாரணம். “ராத்திரி ஊறப் போட்டு ஹிதுக்கி வெச்சிடலாம்மா” என்றார். அம்மா நிமிர்ந்தார். “பிதுக்கவா?”

அதேதான். நம் ‘ப’ பல சொற்களில் கன்னடத்துக்குப் போய் ‘ஹ’ ஆகிவிட்டது. பால் ஹாலு ஆனது, பல் ஹல்லு ஆனது, புலி ஹுலி ஆனது. கன்னடர்கள் அவரெக்காய் என்பது நம் மொச்சைக்காய். ஊறிய பருப்பைத் தோலிலிருந்து பிதுக்கி எடுத்தால் அது ‘ஹிதுகித அவரே’. கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. அவர்கள் வீட்டில் இதற்குப் பிதுக்குப் பருப்புக் குழம்பு என்று பெயர்.

செய்முறை சுலபம், வேலைதான் அதிகம். காயை உரித்து, பருப்பை இரவு முழுக்க ஊறப் போட வேண்டும். காலையில் ஒவ்வொன்றாக இரு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். தேங்காய், கொத்தமல்லி, பச்சை மிளகாய், இஞ்சி, பட்டை, கிராம்பு, கொஞ்சம் கசகசா அரைத்து ஊற்றி வேகவிட வேண்டும். வெங்காயம், பூண்டு அவரவர் வழக்கம். ராகிக் களிக்கும் அரிசி ரொட்டிக்கும் பொருத்தம். வெண்பொங்கலுக்கும் பொருத்தம் என்று அன்று எங்கள் வீட்டில் தெரிந்தது.

மொச்சை தை மாதத்தில் வந்து நிற்பதற்குக் காரணம் உண்டு. பழைய நாட்டு ரகங்கள் பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். அதனால் மார்கழி, தையில் காய்க்கும். அந்தப் பனிக்காலக் காயின் வாசனையைக் கன்னடத்தில் ‘சொகடு’ என்பார்கள். வருடம் முழுவதும் காய்க்கும் ரகங்களைப் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. விவசாயிக்கு அது நல்லதுதான். ஆனால் சொகடு இல்லை என்று குறைப்படுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதே நாளில் நாட்டின் மறுபக்கத்தையும் பாருங்கள். குஜராத்தில் உத்தராயணத்துக்கு உந்தியு: சூரத் பக்கத்து ‘பாப்டி’யோடு கத்தரிக்காய், வள்ளிக்கிழங்கு எல்லாம் சேரும். அந்தப் பாப்டி அவரைதான். மகாராஷ்டிரத்தில் போகியன்று கம்பு ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் ‘போகிச்சி பாஜி’யிலும் அவரைக் குடும்பத்துப் பருப்பு உண்டு, கூடவே பச்சைக் கொண்டைக்கடலை, காரட், எள். தாராவியிலும் சூரத்திலும் இருக்கும் நம்மவர்கள் ஊர்க் காய்க்காக ஏங்கத்தான் செய்வார்கள். ஆனால் நம் பொங்கல் குழம்பில் கிடக்கும் மொச்சையின் சொந்தக்காரி அங்கேயும் பக்கத்து வீட்டுச் சட்டியில் வெந்துகொண்டுதான் இருக்கிறாள்.

அம்மா இப்போது இல்லை. சிறுகிழங்கை இப்போது ஊரிலிருந்து வருகிறவர்கள் யாராவது பையில் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஆகவே எங்கள் வீட்டில் பொங்கலுக்கு இரண்டு வெஞ்சனம். கிழங்கைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கவலை மொச்சையைப் பற்றித்தான். பிதுக்கிய பருப்பே இப்போது பாக்கெட்டில் வருகிறது. நாள் முழுக்கக் கம்பெனியில் நிற்கிற பெண்ணுக்கு அது வரப்பிரசாதம், குறை சொல்ல மனம் வராது. ஆனால் அன்று காலை பிதுக்க உட்கார்ந்தபோதுதான், சிறுகிழங்கைக் கோணிப்பையில் போட்டு அடித்து மண்ணும் தோலும் போக்கும் வித்தையை ஆனேகல் அம்மாளுக்கு அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கே அது அதுவரை தெரியாது. பாக்கெட் வாங்கியிருந்தால் அந்தப் பேச்சு நடந்திருக்காது.

ஒரு நாள் விடுமுறையில் எல்லாம் செய்ய முடியாது. இந்தப் பொங்கலுக்கு ஒரு கிலோ மட்டுமாவது காயாக வாங்குங்கள். போகி இரவு டி.வி.யை அணைத்துவிட்டு, பிள்ளைகளையும் வீட்டு ஆண்களையும் உரிக்க உட்கார வையுங்கள். பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.