மலையக மாணவர் யார் வீட்டுப் பிள்ளைகள்?



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் இல்லங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "தோட்டப் பக்கமிருந்து வீட்டு வேலைக்கு ஒரு பெண்பிள்ளை கிடைக்குமா?" என்பதே அக்கேள்வி. டாக்டர் கேட்கின்றார். கணக்காளர் கேட்கின்றார். நீதிமன்றத்தில் மனித உரிமை பற்றி மணிக்கணக்கில் வாதாடிவிட்டு வீடு திரும்பும் எம் தொழில் நண்பரும் கேட்கின்றார். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ பல்கலைக் கழகம் புகத் தகுதிபெற்ற பிள்ளை ஒன்று கைச்செலவுக்கு வழியின்றி நிற்கின்றதா, அதற்கு நாம் ஏதேனும் செய்யலாமா என்று அதே இல்லங்களில் கேட்கும் குரல்கள் எத்தனை? விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நாம் கேட்டால் விடை ஆயத்தமாய் இருக்கின்றது. "இந்நாட்டில் கல்வி இலவசம், பல்கலைக் கழகத்துக்கும் கட்டணமில்லை, மகாபொல உதவித் தொகையும் உண்டு, இனி என்ன வேண்டும்?" என்கின்றார்கள். நல்லது. கணக்குப் பார்ப்போம்.

2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. 2024இல் அது 1,350 ரூபாவாயிற்று. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதனை 1,550 ரூபாவாக்கி, அரசு தரும் வருகைக் கொடுப்பனவு 200 ரூபாவையும் கூட்டி 1,750 ரூபா என்று அறிவித்தது. மாதத்தில் 25 நாள், மழை தடுக்காமல், நோய் வராமல், ஒரு தாய் மலையேறிக் கொழுந்தெடுத்தாள் என்றே வைத்துக்கொள்வோம். அவளுக்கு 43,750 ரூபா. ஒரு நாளாவது அரைப்பேர் விழுந்தால் அதுவும் குறையும். அரைப்பேர் என்றால் என்னவென்று கொழும்பார் அறியார். நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து கொய்யாதவளுக்கு அன்று பாதிச் சம்பளம் என்பதே அதன் பொருள். சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு வீதம் கழியும். சங்கச் சந்தா கழியும். வாங்கிய முற்பணம் கழியும். எஞ்சிய தொகையில் லயத்தில் ஒரு குடும்பம் உண்டு உடுத்தபின், யாழ்ப்பாணத்திலோ வந்தாறுமூலையிலோ பேராதனையிலோ படிக்கும் பிள்ளைக்கு அத்தாய் எதை அனுப்புவாள்?

மகாபொல நிதி 1981இல் தொடங்கியது. ஏழை மாணவர் பலரைக் கரையேற்றியது. அதனை நாம் மறுக்கவில்லை. 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் அத்தொகையை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தியது. நாளொன்றுக்கு 250 ரூபா. கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக் கடையில் 250 ரூபாவுக்கு மூன்று வேளை உண்டு காட்டுபவர் எவரேனும் இருந்தால் முன்வரட்டும்! அத்தொகைதானும் எல்லார்க்கும் கிடைப்பதில்லை. கிடைப்பார்க்கும் முதலாண்டில் மாதங்கள் பல சென்ற பின்னரே வருகின்றது. புத்தகம், அறை வாடகை, பஸ் கட்டணம், இன்று இன்றியமையாததாகிவிட்ட மடிக்கணினி ஆகியவற்றை எந்தத் தொகையில் எழுதுவது?

பல்கலைக் கழக வாயிலுக்கு வந்தவர் நிலை இது. வாயிலுக்கு வராமலே நின்றவர் தொகை இதனிலும் பெரிது. கணிதமும் விஞ்ஞானமும் தமிழிற் கற்பிக்கும் உயர்தர வகுப்பாசிரியர் மலையகத்தில் அருகியே இருக்கின்றனர். இருக்கும் சில பாடசாலைகள் நகரங்களில் உள்ளன. தோட்டத்திலிருந்து நாளும் போய்வர இயலாது. தங்கிப் படிக்கப் பணமில்லை. ஆகவே மருத்துவராகத் தக்க மூளை கலைப் பிரிவுக்குப் போகின்றது. அல்லது புறக்கோட்டைக் கடையொன்றில் துணி மடிக்கப் போகின்றது.

"மாவட்ட ஒதுக்கீடு இருக்கின்றதே" என்று சட்டம் கற்றார் சிலர் நம்மிடமே வாதிடுகின்றனர். பின்தங்கியவை எனக் கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களுக்கு நூற்றுக்கு 5 வீத இடம் ஒதுக்கப்பட்டிருப்பதும், நுவரெலியாவும் பதுளையும் அவற்றுள் அடங்குவதும் உண்மையே. ஆயின் சலுகை மாவட்டத்துக்கு உரியது, லயத்துக்கு உரியதன்று. அதே மாவட்டத்தில் நகரத்துப் பெரிய பாடசாலையில் எல்லா வசதியோடும் படித்த பிள்ளையும், ஒற்றை விளக்கில் படித்த தோட்டத்துப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகின்றனர். சட்டத்தின் கண்ணுக்கு இருவரும் ஒன்று!

இந்த ஏற்றத்தாழ்வு தானாய் முளைத்ததன்று. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டத்துப் பள்ளியைத் தோட்டத்துரையின் பொறுப்பில் விட்டது. கூலி எழுதப் படிக்கக் கற்றால் கொழுந்து யார் எடுப்பது என்று கருதிய துரைமார் அப்பொறுப்பை எவ்வாறு நிறைவேற்றியிருப்பர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாடெங்கும் வந்தது. தோட்டத்தின் வாயிலில் நின்றுவிட்டது. 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் வெளியே நின்றன. அவற்றை அரசு ஏற்று முடிக்க 1970களின் பிற்பகுதியும் அதற்கப்பாலும் ஆயிற்று. மூன்று தலைமுறைக்கு ஓராசிரியர், ஐந்தாம் வகுப்பு, அவ்வளவே.

இடையில் நிகழ்ந்ததைத் தமிழர் நன்கு அறிவர். ஆயினும் மறந்தவர் போல் இருக்கின்றனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு காக்கும் என்று நம்பிக் கொடக்கன்பிள்ளை வழக்கை இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை கொண்டு சென்றனர். 1953இல் அக்கதவும் மூடிற்று. பேராதனையில் மலைகளின் நடுவே பல்கலைக் கழகம் குடிபுகுந்த 1952ஆம் ஆண்டிலேயே, அம்மலைகளில் உழைத்தோர் வாக்கில்லாமல் ஒரு பொதுத் தேர்தலைப் பார்த்து நின்றனர். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 பேரை ஏட்டில் பங்கிட்டனர். ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் அங்கே, மூன்று இலட்சம் இங்கே, எஞ்சியோர் பின்னர் என்று. பங்கிடப்பட்டவரை ஒருவரும் கேட்கவில்லை. இந்த வழக்கு முற்றாக ஓய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது.

அன்று வடக்கின் தலைவர்களில் ஒரு பகுதியினர் அரசாங்கத்தோடு நின்றனர். இன்று மலைநாட்டான், நாளை நாம் என்று செல்வநாயகம் எச்சரித்தார். 1949 டிசம்பரில் தனிக் கட்சி கண்டார். ஏழாண்டு செல்லுமுன் 1956இன் தனிச் சிங்களச் சட்டம் அவ்வெச்சரிக்கையை மெய்ப்பித்தது. அக்கடனுக்கு வட்டி வளர்ந்துகொண்டே இருக்கின்றது என்பது எம் கருத்து. மேடையில் "மலையக உடன்பிறப்புகள்" என்று விளிப்பதால் அது தீராது.

"வடக்கிலும் கிழக்கிலும் போரால் அழிந்த பிள்ளைகள் இருக்கையில் மலையகத்துக்கு ஏன் போகவேண்டும்?" என்று வேறொரு சாரார் வினவுகின்றனர். வன்னியில் வயல் வைத்திருக்கும் விவசாயப் பெருமக்களே இதற்கு விடை சொல்லட்டும். 1958லும் 1977லும் அடிபட்டு மலையிறங்கியவர்களுக்கு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியமைத்தது யார்? அவர்கள் கைபட்ட வயலின் நெல்லை நாம் உண்ணவில்லையா? போரிலே அவர்கள் பிள்ளைகள் சாகவில்லையா? "எங்கள் பிள்ளை, அவர்கள் பிள்ளை" என்ற கோடு எந்த வரப்பில் கீறப்பட்டது?

இனித் தருமம் பற்றி ஒரு வார்த்தை. கொழும்பில் தருமத்துக்குக் குறைவில்லை. கொப்பியும் பென்சிலும் பேருந்தில் ஏற்றிக்கொண்டு மலையகம் போகின்றார்கள். பிள்ளைகளை வெயிலில் நிறுத்திப் படம் பிடிக்கின்றார்கள். மாலைக்குள் திரும்பிவிடுகின்றார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொப்பி கொடுப்பது எளிது. பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு நான்காண்டு துணைநிற்பது கடினம். எளியதைச் செய்துவிட்டுக் கடினமானதைச் செய்ததாகப் பெயர் வாங்குகின்றோம். 2025 நவம்பரில் டித்வா புயலில் மலைச்சரிவுகள் லயங்களைப் புதைத்தபோது உணவுப் பொதிகளோடு ஓடியவர் பலர்; அவர்களை மனமார வாழ்த்துகின்றோம். ஆனால் வெள்ளம் வடிந்தபின் புத்தகத்தையும் சான்றிதழையும் இழந்த உயர்தர மாணவனின் கதவைத் தட்டியவர் சிலரே.

நாடிழந்த பிறர் என்ன செய்தனர் என்பதைப் பாருங்கள். 1959இல் தலாய் லாமாவோடு இமயம் கடந்து இந்தியா புகுந்த திபேத்தியர், தெருப்போடும் கூலிகளாய் வாழ்ந்த காலத்திலேயே, 1960இல் தரம்சாலையில் குழந்தைகளுக்கு இல்லம் அமைத்தனர். நேருவின் அரசு 1961இல் அவர்களுக்கெனத் தனிப் பள்ளி நிருவாகம் கண்டது. உலகெங்கிலும் இருந்து தனி மனிதர் ஆளுக்கொரு பிள்ளையை ஏற்றுப் பள்ளி முதல் பட்டம் வரை மாதந்தோறும் செலவு அனுப்பினர். மொழியும் சமயமும் அறியாத அந்நியர் அவர்கள்! நம்மவரிலும் சான்று உண்டு. 1984இல் தமிழகத்தில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கிய சந்திரகாசன், முகாம் பிள்ளைகள் கல்லூரி புகுவதை முதற் பணிகளில் ஒன்றாகக் கொண்டார். அம்முகாம்களில் மலையக வழிவந்தோரும் ஆயிரக்கணக்கில் உள்ளனர். தகரக் கொட்டகையிலிருந்து பட்டதாரி எழ முடிந்தால் லயத்திலிருந்து எழ முடியாதா?

யாழ்ப்பாணத்தாருக்கு இது புதிய பாடமன்று. மலாயாவில் உத்தியோகம் பார்த்தவர் அனுப்பிய மணியோடரில் படித்தவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று வெள்ளவத்தை மாடிவீடுகளில் இருக்கின்றனர். பிடியரிசி சேர்த்துப் பள்ளி நடத்திய மரபும் நம்முடையதே.

எனவே நாம் முன்வைப்பது இது. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் கல்வி வளர்ச்சியை அறப்பணியாக ஏற்கின்றது. அச்சட்டத்தின் கீழ் மலையக உயர்கல்வி நிதியொன்று உறுதியெழுதி நிறுவப்படவேண்டும். பொறுப்பாளரில் பெரும்பான்மையினர் மலையகத்தவராய் இருத்தல் வேண்டும். பாராளுமன்ற உறுப்பினரோ தொழிற்சங்கத் தலைவரோ அதில் அமர்தல் ஆகாது, எம் கட்சியினர் உட்பட. பெறுபேற்றுப் பத்திரமும் பெற்றோரின் சம்பளச் சீட்டுமே தகுதி; சிபாரிசுக் கடிதம் குப்பைக் கூடைக்கு. மாதந்தோறும் முதலாந் திகதி மாணவரின் சொந்தக் கணக்கில் 10,000 ரூபா. நான்காண்டுக்கு 4,80,000 ரூபா. உயர்தர வகுப்பின் இரண்டாண்டுக்கும் உதவி நீளவேண்டும். ஏனெனில் ஓட்டை அங்கேதான் பெரிது. மேடை இல்லை, மாலை இல்லை, படம் இல்லை. ஆண்டுக்கொருமுறை கணக்கு இத்தாளில் அச்சாகவேண்டும்.

ஒரு டாக்டரால் தனியே ஒரு மாணவரைத் தாங்க இயலும். இளம் சட்டத்தரணிகள் நால்வர் சேர்ந்தால் ஆளுக்கு 2,500 ரூபா. மண்டபத்தில் நடக்கும் ஒரு பூப்பு நீராட்டு விழாவின் செலவில் எத்தனை மாணவர் பட்டம் பெறுவர் என்பதை விழாக் கணக்கை வைத்திருக்கும் வீட்டாரே பெருக்கிப் பார்க்கட்டும். எமக்கு அச்செலவை எழுத நாணமாயிருக்கின்றது. சட்டக் கல்லூரிப் பரீட்சையை ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதாக்க வந்த விதிகளை 2023 மார்ச்சில் பாராளுமன்றம் நிராகரித்தது. ஆனால் சட்ட நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கிடக்கின்றன. ஆகவே பணம் தர இயலாத சட்டத்தரணி வாரம் ஒரு மாலை ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கட்டும்.

விவசாயப் பெருமக்களிடம் காசு கேட்க நாம் வரவில்லை. எரிபொருளும் உரமும் விலையேறிய காலத்தில் அவர்கள் நிலை நாம் அறியாததன்று. யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ளன. அங்கே மலையகப் பிள்ளைகள் வந்து படிக்கின்றனர். அவ்வயலில் உள்ள கமக்காரர் அறுவடையில் ஒரு மூடை நெல் ஒதுக்கினால், ஓர் அறையை வாடகையின்றித் திறந்துவிட்டால், நகரத்தார் தரும் பணம் இருமடங்கு தூரம் ஓடும். வவுனியாவிலும் வந்தாறுமூலையிலும் இவ்வாறே செய்யலாம்.

உறுதியின் வரைவு எழுதி முடிந்துள்ளது. அடுத்த பல்கலைக் கழக அனுமதி வெளியாகுமுன் அது பதிவாகவேண்டும். அனுமதி கிடைத்தபின் மாணவர் பெட்டி கட்டச் சில வாரங்களே இருக்கும். முதற் பத்து மாணவர்க்கு மாதம் ஓர் இலட்சம் ரூபா தேவை. வெள்ளவத்தையில் ஐவர், கொட்டாஞ்சேனையில் ஐவர், நான்காண்டுக்குப் பொறுப்பேற்றுக் கையொப்பமிடப் பேனாவோடு வருக.