ஆறு சலித்த மணல்

திண்ணைப் பூச்சுக்கு ஒரு லோடு ஆற்று மணல் சொல்லியிருந்தேன். செவ்வாய்க்கிழமை வந்து இறங்கியது. கொத்தனார் ஒரு பிடி அள்ளித் தேய்த்துக் கொட்டிவிட்டு உள்ளங்கையைக் காட்டினார். வெள்ளையாக மாவு. "ஆத்து மணலு கையில ஒட்டாது சார். இதுல பாதி கிரஷர் தூளு."

இரண்டு நாளாகக் கோபம் அடங்கவில்லை. கிரஷரில் கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டு மேல் எனக்குப் பகை இல்லை. கழுவிச் சலித்த எம்-சாண்டில் கட்டிய வீடுகள் உறுதியாகவே நிற்கின்றன. அதை அதன் பெயர் சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் ஆற்று மணல் ஏன் கையில் ஒட்டாது? அந்தக் கேள்வியோடுதான் வியாழன் காலை செஞ்சிக்குப் பக்கத்தில் உள்ள சிங்கவரம் குன்றின் படியேறினேன். மேலே கோயிலில் அரங்கநாதரைக் கண்டுவிட்டு இறங்கும்போது, பாறையடியில் குருணை போல உதிர்ந்து கிடந்ததை அள்ளிப் பார்த்தேன். கண்ணாடிபோல் மின்னுவது குவார்ட்ஸ். மங்கிக் கிடப்பது ஃபெல்ஸ்பார். மழையிலும் வெயிலிலும் ஃபெல்ஸ்பார் மக்கிக் களியாகிவிடும். குவார்ட்ஸ் எளிதில் தேயாது. பாறைக்குள் படிகமாக இருந்தபோது என்ன அளவோ, மணலாகும்போதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நம் மணலின் பருமனை ஆறு தீர்மானிப்பதற்கு முன்பே பாறை தீர்மானித்துவிடுகிறது!

1875இல் ஸ்டெர்ன்பெர்க் என்ற பொறியாளர் ரைன் நதியில் கூழாங்கற்களை அளந்தார். கீழே போகப் போகக் கல் சிறுத்துக்கொண்டே வந்தது. உருண்டு தேய்வதே காரணம் என்றார். பின்னால் வந்தவர்களோ, பல ஆறுகளில் தேய்வதைவிடப் பிரிவதே பெரிய காரணம் என்று கண்டார்கள். சரிவு குறையக் குறையத் தண்ணீரின் இழுப்பும் குறைகிறது. தூக்க முடியாததை ஆறு வழியில் போட்டுவிடுகிறது. முதலில் கல், பிறகு பருமணல், பிறகு பொடிமணல். களி கடல் வரை போகும். நம் வராக நதி செஞ்சி மலைகளில் பிறந்து, சங்கராபரணி என்று பெயர் மாறி, அரியாங்குப்பம் பக்கம் கடல் சேர்கிறது. நூறு கிலோமீட்டர்கூட ஓடாத ஆறு. அதற்குள் இத்தனை சலிப்பும் நடக்கிறது. மாவை எல்லாம் தண்ணீர் கொண்டுபோய்விடுவதால்தான் மணல் கையில் ஒட்டுவதில்லை. கிரஷரில் உடைத்ததைக் கழுவாமல் விட்டால் கல்லும் மாவும் ஒன்றாகவே கிடக்கும்.

1959 முதல் இந்தப் பயணத்தின் நடுவே வீடூர் அணை நிற்கிறது. தேங்கிய நீரில் வேகம் ஏது? மேலிருந்து வரும் மணல் அங்கேயே படிந்துவிடுகிறது. கீழே நாம் அள்ளுவது பெரும்பாலும் பழைய இருப்பு.

அணைக்குக் கீழே திருவக்கரை. எத்தனை முறை போனாலும் எனக்கு அலுக்காத இடம். கல்லாகிப்போன மரங்கள் அங்கே கிடக்கின்றன, வயது சுமார் 2 கோடி ஆண்டு. 1781இலேயே பிரெஞ்சுக்காரர் சொன்னெரா அவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். எந்த மரத்திலும் கிளை இல்லை, வேர் இல்லை. வெள்ளம் உருட்டி வந்து போட்டவை என்பதற்கு அதுவே சாட்சி. அவற்றைச் சுற்றியுள்ள மணற்கல்லில் கூழாங்கற்கள் பதிந்திருக்கின்றன. இன்று மணலை நகர்த்துவதற்கே மழைக்காலம் வர வேண்டிய ஊரில், அன்று வந்த தண்ணீர் கூழாங்கல்லையும் அடிமரங்களையும் சுமந்து வந்திருக்கிறது. அந்த வெள்ளத்தை அளந்து எழுதிவைக்க ஆள் இல்லை. அதன் வேகத்தை அந்தக் கற்களின் பருமனில் படிக்கிறோம்.

சிங்கவரத்தில் அள்ளிய குருணை, மேசைமேல் வில்லியனூர்ச் சுடுமண் குதிரையின் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் இருக்கிறது. லோடு மணல் வாசலில் கிடக்கிறது. நாளை திருப்பி அனுப்புகிறேன்.