மாத்திரை வந்தது, பாடம் வந்ததா?

2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’, சர்க்கரை வியாதிக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகளை ஏழையின் வாசற்படிக்கே கொண்டுவந்து சேர்த்தது. 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் பெற்றது. நல்ல காரியம், அதைச் சொல்ல நமக்குத் தயக்கமில்லை. ஆஸ்பத்திரி வரிசையில் நின்று கூலியை இழந்தவனுக்கல்லவா அதன் அருமை தெரியும்!

ஆனால், மாத்திரை மட்டும் போதுமா என்று கேட்கிறோம். பத்து நாளில் தீர்கிற காய்ச்சலா இது? ஆயுள் முழுவதும் கூடவே வருகிற வியாதி. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் டாக்டர் முன்னே உட்காருவது எத்தனை நேரம்? மற்ற நேரமெல்லாம் நோயாளிக்கு அவனேதான் டாக்டர். அந்த டாக்டருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் யார்?

திண்டுக்கல்லையே பாருங்கள், தோழர்களே! நூல் மில்லில் ஒரு வாரம் பகல் ஷிப்டு, மறு வாரம் இராத்திரி ஷிப்டு. சாப்பாட்டுக்கு முன் போடு என்று கொடுத்த மாத்திரையை எந்தச் சாப்பாட்டுக்கு முன் போடுவது? சிலவகை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை சரேலென்று இறங்கும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். அந்த நேரத்தில் ஒரு பிடி சர்க்கரையை வாயில் போட்டால் ஆள் பிழைப்பான். தெரியாதவனோ ஓடும் இயந்திரத்தின் பக்கத்திலேயே மயங்கி விழுவான். பக்கத்தில் நிற்பவர்கள் குடித்திருக்கிறான் என்பார்கள்!

பேகம்பூர் தோல் ஷாப்புக்கு வாருங்கள். நாட்பட்ட சர்க்கரை வியாதியில் பாதம் மரத்துப் போகும். சுண்ணாம்பு நீர் பட்டுப் புண்ணானாலும் வலி தெரியாது. தினமும் இரவில் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளக் கற்றுக் கொடுத்திருந்தால் எத்தனை கால்கள் தப்பியிருக்கும்! இதற்கு ஆகும் செலவு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி.

பிரிட்டன் அரசு 2001-ல் இதையே கொள்கையாக வகுத்தது. நாட்பட்ட நோயுள்ளவர்களையே பயிற்றுவித்து, மற்ற நோயாளிகளுக்கு வகுப்பு நடத்தச் செய்தது. பணக்கார நாட்டுக்குத்தான் இது முடியுமா? வட்டமாக உட்கார்ந்து வாதிடுவது நம் தொழிற்சங்கத் தோழனுக்குப் புதிதல்லவே.

2024-ல் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ என்று ஆலைகளுக்குள்ளும் திட்டம் நுழைந்தது. ஆனால் நாகல் நகரிலும் நல்லாம்பட்டியிலும் பட்டறையில் குனிந்து பூட்டுக்கு அரம் போடுகிறவன் எந்த ஆலைக் கணக்கில் வருவான்? வீடு தேடி வருகிற சகோதரி மாத்திரையோடு கால் மணி நேரப் பாடமும் கொண்டுவர வேண்டும். அதற்கேற்ற ஊதியத்தையும் நேரத்தையும் அரசு அவருக்குத் தர வேண்டும். அவர் வரும் வேளையில் தொழிலாளி வேலையில் இருப்பானானால், சங்கக் கட்டிடத்தின் மாலை நேரத்தை அதற்குத் திறந்துவிடுங்கள்.