திருக்கடையூர் வேன் ஒரு மணி நேரம் நிற்கட்டும்

வேங்கிக்காலிலிருந்து அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகும் வேன்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாலை மாற்றி, பந்தியும் முடிந்தபின், "பக்கத்துலதானே, தரங்கம்பாடியையும் பார்த்துடலாம்" என்று யாராவது ஒரு மாமா கிளப்பிவிடுவார். டேனிஷ் கோட்டைச் சுவரோரம் பேரப்பிள்ளைகளை நிறுத்தி ஒரு போட்டோ, கடலில் கால் நனைப்பு, சுண்டல். அதோடு டிரைவர் ஹாரன் அடித்துவிடுவார்.

இத்தனைக்கும் டேனிஷ் என்பது நமக்குக் கேட்டுப் பழகிய பெயர். திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளியைத் தெரியாதவர் யார்? அந்த மிஷன்காரர்கள் வெகுகாலம் கழித்து வந்தவர்கள். பால்டிக் கடலின் வாசலில் உட்கார்ந்திருக்கும் டென்மார்க், மிளகு ஆசையில் தமிழ்க் கரைக்கு முதலில் வந்து சேர்ந்தது தரங்கம்பாடிக்குத்தான். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். கீழே கிடங்கும் சிறையும், மேலே கவர்னர் ஜாகை. 1845இல் வியாபாரம் படுத்துப்போக, வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் தள்ளிவிட்டுக் கிளம்பினார்கள்.

கோட்டைக்கு நான் கால் மணி நேரம்தான் கொடுப்பேன். மிச்ச நேரம் ராஜ வீதிக்கு. அங்கே 1701இல் எழுந்த சீயோன் ஆலயமும், 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயமும் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. இரண்டாவதில்தான் சீகன்பால்க் அடக்கமாகியிருக்கிறார். டேனிஷ் அரசர் அனுப்பிய ஜெர்மன்காரர். 1706இல் வந்து இறங்கி, தெருப் பிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் படித்தார் என்பார்கள். முப்பத்தாறு வயதில் போய்விட்டார்.

அவருடைய அச்சுக்கூடத்தின் கதை எனக்குக் கோட்டையைவிடப் பெரிது. தமிழின் முதல் அச்சு இங்கேதான் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள், தவறு. 1578இலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது. ஆனால் இங்கே நடந்த பாடு வேறு. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிது பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றன. இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈயத்தை உருக்கி, இங்கேயே சின்ன எழுத்து வார்த்துக்கொண்டதாகச் சொல்கிறார்கள். காகிதத்துக்கும் பக்கத்துப் பொறையாறிலேயே ஆலை வைத்தார்கள். தமிழில் புதிய ஏற்பாடு இந்த அச்சுக்கூடத்தில்தான் புத்தகமானது.

ஐரோப்பியக் கட்டடங்களுக்கு வெள்ளையடித்துப் பலகை வைக்கும் அக்கறையில் பாதிகூட, கரையோரம் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலுக்கு வெகுநாள் கிடைக்கவில்லை என்பது என் குறை. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்த கோயில்; டேனிஷ்காரர் வருவதற்கு முந்நூறு வருஷம் மூத்தது. முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. 2004 சுனாமி இந்த ஊர் மீனவக் குடும்பங்கள் பலவற்றைக் குலைத்துப் போட்டதும் இதே கரையில்தான்.

அடுத்த முகூர்த்தத்துக்கு வேன் பேசும்போதே தரங்கம்பாடிக்கு ஒரு மணி நேரம் என்று டிரைவரிடம் சொல்லி வையுங்கள். மதிய வெயிலில் வேண்டாம். நாலு மணிக்கு மேல் இறங்கினால் பெரியவர்களும் நடப்பார்கள்.