பூஸ்டர் மேல் பழி போடாதீர்கள்

எங்கள் மண்ணூரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் கார் தொழில்தான். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய், ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் தொடங்கிய ஆலை. வண்டிகளைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே ஒரு பெரிய மையமும் ஒரகடத்தில் இருக்கிறது. ஆனால், பழைய கான்டெஸாவை பிரேக் சரியில்லை என்று ஒர்க்‌ஷாப்பில் விட்டுப் பாருங்கள். பெடலை ஒருமுறை மிதித்துப் பார்க்கக்கூட ஆளிருக்காது. “பூஸ்டர் போயிடுச்சு சார், மாத்திடலாம்” என்ற பதில் மட்டும் தயாராக இருக்கும்.

இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பூஸ்டருக்கு ஒரே வேலைதான்: எஞ்சின் தரும் வெற்றிடத்தைக் கொண்டு நம் காலுக்குத் துணை நிற்பது. அது கெட்டால் பெடல் கல் மாதிரி இறுகும். பஞ்சு மாதிரி அமுங்கினால், பெரும்பாலும் லைனில் காற்று. மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்லக் கீழே இறங்குகிறதா? வெளியே கசிவு இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர் ரப்பரைப் பாருங்கள். இரண்டாம் மிதியில்தான் பிடிக்கிறதா? பின்சக்கர ஷூ தேய்ந்ததா, அட்ஜஸ்ட் செய்ய வேண்டுமா என்று பாருங்கள்.

பூஸ்டரைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். எஞ்சினை அணைத்துவிட்டு, பெடல் இறுகும்வரை ஐந்தாறு முறை மிதியுங்கள். மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே தாழ்ந்தால் பூஸ்டர் உதவுகிறது. தாழாவிட்டாலும் ஸ்பேனரைத் தூக்க வேண்டாம். வேக்குவம் ஹோஸில் வெடிப்பு இருக்கலாம், ஒருவழி வால்வு பழுதாகியிருக்கலாம். டீசல் வண்டியானால் வேக்குவம் பம்பையும் பார்க்க வேண்டும். சில நூறு ரூபாய் ஹோஸுக்காக நல்ல பூஸ்டரைக் காயலான் கடைக்கு அனுப்புவது என்ன நியாயம்?

“சோதித்துப் பார்த்ததற்குக் கூலி கேட்டால் யார் தருகிறார்கள்?” என்பார்கள் மெக்கானிக்குகள். அதில் உண்மை உண்டு. புது பாகத்துக்குப் பேரம் பேசாமல் ஆயிரங்களை எடுத்து வைப்பவர்கள், கண்டுபிடித்த மூளைக்கு இருநூறு கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். அந்த இருநூறை மனமுவந்து கொடுங்கள். ஆனால் சோதனையை உங்கள் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள்.

ஏனென்றால் இது பணத்தோடு முடிகிற விஷயமல்ல. லைனில் காற்றை அப்படியே விட்டுவிட்டுப் புது பூஸ்டரை மாட்டினால், வண்டி சரியாகிவிட்டது என்ற நம்பிக்கையில் பெங்களூர் சாலையில் ஏறுவோம். முன்னால் போகும் கன்டெய்னர் லாரி திடீரென நிற்கும். அப்போது நம் வண்டியை நிறுத்த வேண்டியது பிரேக்தான், கையிலிருக்கும் பில் அல்ல.